லீவர் பார்க்கில், கியர்பாக்ஸ் டிரைவில்: ஆட்டோமேட்டிக் கியர் கேபிள் வேலைப் பதிவு

வண்டி 2012 மாடல் சிறிய கார். முன்சக்கர இழுவை, நான்கு கியர் டார்க் கன்வெர்ட்டர் (இஞ்சின் சக்தியை எண்ணெய் வழியாகக் கடத்தும்) ஆட்டோமேட்டிக், 74,000 கி.மீ. ஓடியது. குளச்சல் பக்கம், கடலுக்கு அரைக் கிலோமீட்டருக்குள் தகரக் கொட்டகையில் நிற்பது. வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை பார்ப்பதால் வருஷத்தில் பாதிக்கு மேல் ஓட்டமே கிடையாது. முட்டம் முதல் தேங்காய்ப்பட்டணம் வரை இப்படி ஓடாமல் நின்றே கெடும் வண்டிகள் நிறைய உண்டு. பாட்டரி இறங்கும், பிரேக் டிஸ்க் துரு ஏறும், எலி ஒயரைக் கடிக்கும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். லீவரின் அசைவைக் கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோகும் கியர் கேபிளை யாரும் நினைப்பதில்லை.

புகார் இதுதான்: செல்ப் எடுக்கவில்லை. லீவர் பார்க்கில் (வண்டி உருளாமல் பூட்டும் நிலை) இருக்கிறது, சாவி தாராளமாக வெளியே வருகிறது, ஆனால் டேஷ்போர்டில் டிரைவ் எழுத்து எரிகிறது. லீவரை மேலும் கீழும் இழுத்தால் நகர்கிறது, பலன் இல்லை.

இந்த அடையாளங்களை ஒன்றாக வைத்துப் பார்த்தாலே பாதி நோய் தெரிந்துவிடும். டேஷ்போர்டு எழுத்துக்குச் செய்தி வருவது கியர்பாக்ஸின் மேல் உட்கார்ந்திருக்கும் இன்ஹிபிட்டர் ஸ்விட்சிலிருந்து. லீவருக்கும் அதற்கும் ஒயர் தொடர்பு இல்லை. பார்க், நியூட்ரல் இரண்டில் மட்டும் செல்ப் எடுக்கவிடுவதும் அதே ஸ்விட்ச்தான். சாவியை விடுவிப்பதோ லீவர் பக்கத்துப் பூட்டு. ஆகவே லீவர் ஒன்று சொல்ல, எழுத்து வேறொன்று சொன்னால் கேபிளிலோ அதன் முனையிலோ தொடர்பு அறுந்திருக்கிறது. சாவி வந்துவிட்டதே, பார்க் விழுந்திருக்கும் என்று நம்பி இறங்கிப் போவதில்தான் ஆபத்து. இஞ்சின் நின்றால் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் எண்ணெய் அழுத்தமும் நின்றுவிடும். மேனுவல் வண்டியை முதல் கியரில் போட்டு நிறுத்துவதுபோல இதை டிரைவில் விட்டுவிட்டுப் போனால் எதுவும் பிடித்து வைக்காது. பேச்சிப்பாறை மேட்டில் நின்றாலும் சரி, வீட்டு வாசல் சரிவில் நின்றாலும் சரி, உருளும். அதுவரை ஹேண்ட் பிரேக் மட்டுமே துணை.

கேபிளைக் குற்றம் சொல்லுமுன் தள்ளிவைக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, ஏ.எம்.டி. வண்டிகள், அதாவது மேனுவல் கியர்பாக்ஸில் கிளட்சையும் கியரையும் இயந்திரமே மாற்றுபவை. அவற்றில் லீவருக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கேபிளே இல்லை. லீவர் ஒரு ஸ்விட்ச், வேலையைச் செய்வது ஆக்சுவேட்டர் என்ற இயக்கும் கருவி. இந்தப் பதிவு அவற்றுக்குப் பொருந்தாது. சாதா டார்க் கன்வெர்ட்டர் வண்டிகளுக்கும் லீவர் கேபிளோடு வரும் சி.வி.டி. (படிப்படியான கியர் இல்லாத ஆட்டோமேட்டிக்) வண்டிகளுக்கும் பொருந்தும். இரண்டு, லீவர் பார்க்கை விட்டு நகரவே மறுப்பது. அது பெரும்பாலும் ஷிப்ட் லாக், பிரேக்கை மிதிக்காமல் லீவரை நகரவிடாத பூட்டு. பிரேக்கை மிதித்து, பின்னால் பிரேக் லைட் எரிகிறதா என்று ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள். எரியவில்லை என்றால் பிரேக் பெடல் ஸ்விட்சையும் ப்யூஸையும் பார்த்தால் போதும். லீவர் கல்லாக நிற்பது லாக். நகர்கிறது ஆனால் பலன் இல்லை என்றால் கேபிள்.

அடுத்து பானெட்டைத் திறந்து பார்வை. இந்த வண்டியில் கியர்பாக்ஸ் கை, அதாவது கேபிள் தள்ளி இழுக்கும் சிறு நெம்புகோல், இருப்பது ஏர் கிளீனர் பெட்டிக்கும் பாட்டரித் தட்டுக்கும் அடியில். பாட்டரி நெகட்டிவைக் கழற்றி, 10 மி.மீ. பாக்ஸ் ஸ்பானரால் ஏர் கிளீனரின் போல்ட்டுகளை எடுத்து, பாட்டரியையும் தட்டையும் தூக்கிவிட்டால் கை தெரியும். பின்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை அடை கொடுத்த பிறகே இதில் கை வைக்க வேண்டும். நெடுநாள் நின்ற வண்டியில் ஹேண்ட் பிரேக் கேபிளும் அரைகுறையாக இறுகியிருக்கும். அதை மட்டும் நம்புவதற்கில்லை.

உள்ளே ஒருவர் லீவரை அசைக்க, கேபிள் முனை வளையம் முன்னும் பின்னும் போய் வந்தது. கியர்பாக்ஸ் கை அசையவில்லை. வளையத்துக்கும் கையிலுள்ள உருண்டை ஸ்டட்டுக்கும் (முளைக்கும்) நடுவே இருக்க வேண்டிய பிளாஸ்டிக் புஷ், பழுப்பு நிறத் துணுக்குகளாக அடியில் கிடந்தது. நகத்தால் அழுத்தினாலே பொடிந்தது.

இது பல கம்பெனி வண்டிகளிலும் வரும் நோய். 2022 ஜூனில் ஃபோர்டு நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 29 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததும் இதே புஷ் நொறுங்கியோ கழன்றோ போய், பார்க்கில் இருப்பதாகக் காட்டிவிட்டு வண்டி உருளக்கூடும் என்பதற்காகத்தான். அங்கே தீர்வு, புதுப் புஷ்ஷும் அதன்மேல் ஒரு பாதுகாப்பு மூடியும். அந்த மூடி யோசனையை இங்கேயும் எடுத்துக்கொள்ளலாம், பின்னால் வருகிறது.

வண்டியை அந்த இடத்திலிருந்து எடுக்க வேண்டுமென்றால், இஞ்சின் நின்ற நிலையில் கியர்பாக்ஸ் கையைக் கையாலேயே தள்ளலாம். ஒரு பக்கக் கோடியில் பார்க் இருக்கும். எந்தக் கோடி என்று தெரியாவிட்டால், ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். பார்க்கில் அந்தச் சக்கரம் சுற்றாது. அங்கிருந்து திரும்ப இழுத்தால் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு 'டக்' கேட்கும்: முதல் டக் ரிவர்ஸ், இரண்டாவது நியூட்ரல். நியூட்ரலில் தூக்கிய சக்கரம் இலேசாகச் சுற்றும். வளையத்தையும் ஸ்டட்டையும் சேர்த்து ஒயர் டேக் போட்டுக் கட்டி வர்க்‌ஷாப் வரை ஓட்டுவோரும் உண்டு. இஞ்சின் சூட்டில் டேக் இளகும், அறுந்தால் நடு ரோட்டில் பார்க் இருக்காது. மார்த்தாண்டம் நெரிசலுக்குள் அப்படிப் போவதைவிடப் பிளாட்பெட் லாரியில் ஏற்றுவது நல்லது. முன்சக்கரம் தரையில் உருள, தூரத்துக்குக் கட்டி இழுப்பது கூடவே கூடாது. பம்ப் ஓடாமல் கியர்பாக்ஸ் எண்ணெயின்றிச் சுற்றும்.

கம்பெனி இந்தப் புஷ்ஷைத் தனியாகத் தருவதில்லை, முழுக் கேபிள்தான். இணையத்தில் கிடைக்கும் ரெடிமேட் கிட்டுகள் ஸ்டட் அளவு தெரிந்தால்தான் பயன்படும். வெர்னியர் வைத்து அளந்ததில் ஸ்டட் உருண்டை 8.0 மி.மீ., கேபிள் வளையத்தின் உள் விட்டம் 16.0 மி.மீ., வளையத் தடிமன் 5 மி.மீ. இந்த அளவோடு நாகர்கோவிலில் ஒரு லேத்தில் கடைந்தது: மேலே 20 மி.மீ. விட்டத்தில் 2 மி.மீ. தடிமனுக்கு ஒரு விளிம்பு, நடு உடல் 16 மி.மீ., கீழே ஸ்டட் நுழையும் பக்கம் 11 மி.மீ.க்குச் சுருங்கிய மெல்லிய உதடு 3 மி.மீ. நீளம். உள்குழி 8.1, வாய் மட்டும் 7.6 மி.மீ. வாயிலிருந்து ஹாக்ஸா பிளேடால் நான்கு கீறல். கீறல் இருந்தால்தான் உதடு விரிந்து உருண்டையைக் கவ்வும். இல்லாமல் அடித்து ஏற்றினால் புஷ் பிளக்கும். கேபிள் வளையத்துக்குக் கீழே புஷ்ஷில் ஒரு வெட்டு போட்டு 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி வளையம். கேபிள் வளையம் புஷ்ஷை விட்டு இறங்காமல் இருக்க அது.

முதலில் கடைந்தது நைலான் கம்பியில். லேத்துக்காரர்கள் கையில் எப்போதும் இருப்பது அதுதான், விலையும் குறைவு. வெயில் காலத்தில் மாட்டியபோது லீவர் சுத்தமாக வேலை செய்தது. தென்மேற்குப் பருவமழை பிடித்த பிறகு கனத்தது. கழற்றி அளந்தால் குழி நெருங்கியிருக்கிறது. நைலான் 6 ஈரத்தைக் குடிக்கும். முழுதும் ஊறினால் அதன் எடையில் சுமார் 9 சதவீதம் வரை தண்ணீர் ஏறும். இரும்பு வளையத்துக்குள் அடைபட்ட பகுதி வெளியே விரிய இடமில்லாமல் உள்ளே நெருங்கி, உருண்டையைப் பிடித்துக்கொண்டது. குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம் என்பதால் நைலான் இங்கே இன்னும் மோசம். அசெட்டல், கடையில் டெல்ரின் என்று கேட்டால் தருவார்கள், ஊறினாலும் சுமார் 1 சதவீதம்தான். அதே அளவில் அசெட்டலில் கடைந்தது மழையிலும் மாறவில்லை.

புஷ்ஷுக்குப் போட வேண்டியது சிலிகான் கிரீஸ், அதுவும் பட்டாணி அளவு. சாதா மஞ்சள் கிரீஸ், இஞ்சின் ஆயில் எதுவும் ரப்பர் பாகத்தில் படக்கூடாது. ரப்பர் விளையும் ஊரில் இதைச் சொல்ல வேண்டியதில்லை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் நம்மூர் ரப்பர் ஷீட் என்ன ஆகும் என்று குலசேகரத்தில் யாரைக் கேட்டாலும் தெரியும். மேலே மழைநீரும் தூசியும் விழாதபடி பழைய சைக்கிள் ட்யூப்பில் வெட்டிய தொப்பி ஒன்று. காப்பாக, வளையத்தையும் கையையும் சேர்த்து 0.8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியால் தளர்வாக ஒரு சுற்று. புஷ் போனாலும் வளையம் கழன்று விழாது. கம்பியை இறுக்கிவிடாதீர்கள், வளையம் கையின்மேல் சுழல இடம் வேண்டும்.

வேலை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் அசெட்டல் போட்ட பின்னும் லீவர் முழுக்க இலேசாகவில்லை. அப்போதுதான் புஷ் ஏன் உடைந்தது என்ற கேள்வி வந்தது. வயசாகிவிட்டது என்பது பாதி பதில். மீதிப் பதில் கேபிளுக்குள் இருந்தது.

இரு முனையையும் கழற்றிவிட்டுக் கேபிளின் உள்கம்பியை மட்டும் இழுத்துப் பார்க்க வேண்டும். கல்ஃப் போகும் வீடுகளில் பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு இருக்கும். அதன் கொக்கியை முனை வளையத்தில் மாட்டி மெதுவாக இழுத்தபோது கம்பி நகரத் தொடங்கியது கிட்டத்தட்ட 6 கிலோவில். நல்ல கேபிள் இரண்டு விரலுக்கு வழுக்கிக்கொண்டு வரும். பிறகு வாங்கிய புதியது 1 கிலோவுக்குச் சற்றுமேல் காட்டியது. கியர்பாக்ஸ் பக்க முனையில் இருக்கும் மடிப்பு ரப்பர் பூட் கிழிந்திருந்தது. அது வழியே உப்பு ஈரம் இறங்கி, உள்கம்பி ஒரு சாண் நீளத்துக்குச் செந்துரு. ஒவ்வொரு முறை லீவரை இழுக்கும்போதும் அந்த ஐந்து கிலோ கூடுதல் பாரத்தைத் தாங்கியது அந்தச் சின்னப் புஷ்தான். புஷ்ஷை மட்டும் மாற்றினால் அடுத்து போவதும் அதுவே, அல்லது உள்ளே லீவர் பக்கத்து முனை.

துரு ஏறிய கேபிளுக்குள் மண்ணெண்ணெய், டபிள்யூ.டி.40 விட்டு ஓட்டுவது ஊர் வழக்கம். சில வாரம் இலேசாகும். இந்தக் கேபிள்களின் உறைக்குள் வழுக்குப் பிளாஸ்டிக் குழாய் உண்டு. துருத்துகள் அதை ராவிக்கொண்டே இருக்கும், எண்ணெய் அந்தத் தூளைப் பசையாக்கும். துரு இல்லாமல் தூசியால் மட்டும் இறுகியது என்றால் முயன்று பார்க்கலாம். கம்பி சிவந்துவிட்டால் மாற்றுவது ஒன்றுதான்.

கேபிள் மாற்றம். பாட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிஷம் விட்ட பிறகே கன்சோலில் கை வையுங்கள். பல வண்டிகளில் ஏர்பேக்கை இயக்கும் மின்னணுப் பெட்டி லீவருக்கு முன்னால் தரையில்தான் இருக்கும். கப் ஹோல்டர் அடிமெத்தைக்குக் கீழும் ஹேண்ட் பிரேக் பக்கத்திலும் ஸ்க்ரூ ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்துக் கன்சோலைத் தூக்கினால் லீவர் அடியில் கேபிள் முனை ஒரு பின்னில், கிளிப்போடு. உறையை லீவர் சட்டத்தில் பிடித்திருப்பது யு வடிவத் தகடு கிளிப். கியர்பாக்ஸ் பக்கத்துத் தாங்கியிலும் அதேபோல ஒன்று. நோஸ் பிளையரால் நேராக மேலே இழுங்கள். நெம்பினால் துருப்பிடித்த கிளிப் பாதியாக உடையும். எப்படியும் புதிது இரண்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. உருண்டையிலிருந்து முனையைக் கழற்றும்போது இரண்டு தட்டை ஸ்க்ரூ டிரைவரை எதிரெதிரே கொடுத்து நேர் மேலே தூக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் நெம்பினால் கியர்பாக்ஸ் கை வளையும், அதன் ஷாப்ட் சீல் கசியத் தொடங்கும். ஐந்து நிமிஷ அவசரத்துக்குப் பெரிய தண்டனை.

பழைய கேபிளை உருவுமுன் அதன் முனையில் நைலான் கயிறு கட்டுங்கள். கயிறு வந்த வழியே புதியது போகும். இஞ்சினுக்கும் உள்ளறைக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தகட்டின் துளையில் ரப்பர் கிராமெட் (அடைப்பு வளையம்) இருக்கும். அது சரியாக உட்காராவிட்டால் முதல் பெருமழையில் கால்மிதிக்கடியில் கார்பெட் நனையும், நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். இங்கே பியூட்டைல் டேப் (நீர் புகாத பசை டேப்) ஒரு சுற்று. புதுக் கேபிளையும் பழையதையும் தரையில் பக்கத்தில் போட்டு நீளம், உறை நிறுத்தும் இடம், முனை வளையம் மூன்றையும் ஒப்பிட்ட பிறகே நுழைக்க வேண்டும். ஒரே மாடலுக்கு இஞ்சின் வகைப்படி இரண்டு நீளம் வருவதுண்டு. பழையது ஓடிய வளைவைவிடக் குறுக்கி வளைக்கக்கூடாது. சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் ஓடும் வண்டிகளில் வெப்பத் தகடு இருக்கிறதா என்று பாருங்கள். துருப்பிடித்து விழுந்த தகட்டை யாரும் திரும்ப மாட்டுவதில்லை, உறை இளகி உள்கம்பியைப் பிடித்துக்கொள்ளும்.

மாட்டுவதைவிட அட்ஜஸ்ட் செய்வதில்தான் கவனம் வேண்டும். இந்த வண்டியில் அட்ஜஸ்டர் கியர்பாக்ஸ் கையில் ஒரு நட்டு. சில வண்டிகளில் கேபிள் நடுவில் வழுக்கிப் பூட்டும் பிளாஸ்டிக் பூட்டு. எதுவானாலும் முறை இது. நட்டைத் தளர்த்தி வையுங்கள். உள்ளே லீவர் நியூட்ரலில். கியர்பாக்ஸ் கையை பார்க் கோடிக்குத் தள்ளி, இரண்டு டக் திரும்ப வந்து நியூட்ரல். இன்ஹிபிட்டர் ஸ்விட்ச் உடலிலும் கையிலும் ஒரு துளை இருந்தால் இரண்டும் நேர்கோட்டில் நிற்கும். பொருந்துகிற டிரில் பிட்டின் வால் பக்கத்தைச் செருகினால் கை அசையாது. கேபிளில் தொய்வு போகும் அளவுக்கு மட்டும் இலேசாக இழுத்து, நட்டை முறுக்குங்கள். முறுக்கும்போது கை சேர்ந்து திரும்பாமல் இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்ள வேண்டும். சில நிறுவனங்கள் நியூட்ரலுக்குப் பதில் பார்க்கில் வைத்து அட்ஜஸ்ட் செய்யச் சொல்லும். அந்த வண்டிக்கு அந்தக் கையேடு.

ஏன் இவ்வளவு கெடுபிடி? கியர்பாக்ஸுக்குள் அந்தக் கை நகர்த்துவது, லீவர் நிலைக்கேற்ப எண்ணெயைத் திருப்பிவிடும் மேனுவல் வால்வை. அது ஒன்றிரண்டு மி.மீ. தள்ளி நின்றால் வண்டி நகரும், ஆனால் கிளட்சுக்குப் போகும் எண்ணெய் அழுத்தம் குறையும். கிளட்ச் வழுக்கும், தேயும், எண்ணெய் கருகும். ஓட்டுபவருக்குக் கொஞ்சம் சோம்பலாக எடுப்பதாக மட்டுமே தெரியும். சில ஆயிரம் ரூபாய்க் கேபிள் வேலை, கியர்பாக்ஸையே பிரித்துச் சரிசெய்யும் ஓவர்ஹாலாக மாறுவது இப்படித்தான்.

சோதனை, இஞ்சினை ஓடவிடுமுன்: லீவரை ஒவ்வொரு நிலையிலும் வைத்து டேஷ் எழுத்து அதையே சொல்கிறதா பார்க்க வேண்டும். நிலையில் இருத்திவிட்டு லீவரை முன்னும் பின்னும் இலேசாக ஆட்டினாலும் எழுத்து மாறக்கூடாது. செல்ப் பார்க்கிலும் நியூட்ரலிலும் மட்டும் எடுக்க வேண்டும். ரிவர்ஸ் லைட் ரிவர்ஸில் மட்டும். பிறகு இஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலிலிருந்து டிரைவ் பக்கமும் ரிவர்ஸ் பக்கமும் லீவரை மெதுவாக நகர்த்தினால், கியர் பிடிக்கும் இடம் இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வர வேண்டும். ஒரு பக்கம் சீக்கிரமும் மறுபக்கம் தாமதமும் என்றால் நட்டைத் தளர்த்தி மறுபடி. இந்த வண்டியில் முதல் முறை ரிவர்ஸ் தாமதித்தது, அரை மி.மீ. நகர்த்தியதும் சரியானது. கடைசியாகச் சரிவில் நிறுத்தி, பார்க் போட்டு, ஹேண்ட் பிரேக்கை விட்டுப் பிரேக்கிலிருந்து காலை மெதுவாக எடுக்க வேண்டும். வண்டி ஓர் அங்குலம் அசைந்து பல்லில் உட்காரும், அதோடு நிற்கும். கீழே ஆள் நிற்கக்கூடாது என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

செலவு: நைலான் புஷ் 250, அசெட்டல் புஷ் 400, கேபிள் 4,200, கூரியர் 180, கிளிப்புகள் 60, பியூட்டைல் டேப் 120, சிலிகான் கிரீஸ் 210, ஸ்டெயின்லெஸ் கம்பி 40. மொத்தம் 5,460 ரூபாய், கூலி நீங்கலாக. உள்கம்பி வழுக்கிக்கொண்டு வரும் கேபிளாக இருந்தால் அசெட்டல் புஷ், கிரீஸ், கம்பி என்று 650 ரூபாயோடு விட்டுவிடலாம். அதற்காகப் புதுக் கேபிள் வாங்கச் சொல்வது அநியாயம்.

அடுத்த வண்டியில் மாறப்போவது வேலையின் வரிசை. புஷ் உடைந்தது கண்ணில் பட்டாலும், லேத்துக்கு அளவு எடுப்பதற்கு முன்னால் தராசை மாட்டி உள்கம்பியை இழுத்துப் பார்த்துவிட வேண்டும். 2 கிலோவுக்குள் வந்தால் புஷ், 3 கிலோவைத் தாண்டினால் கேபிள், நடுவே வந்தால் ரப்பர் பூட்டைக் கழற்றிக் கம்பியின் நிறத்தைப் பார்த்து முடிவு. இந்த எல்லைகள் இந்த வண்டியின் அனுபவத்தில் வைத்தவை. கேபிள் நீளமும் வளைவும் கூடினால் எண்ணும் கூடும்.

கடற்கரைப் பக்கம் நிற்கும் வண்டிக்கு மழைக்காலம் ஒவ்வொன்றும் தொடங்குமுன் டார்ச் அடித்து கியர்பாக்ஸ் பக்கத்து ரப்பர் பூட்டைப் பாருங்கள். மயிர்க்கோடு விரிசல் இருந்தால் சிலிகான் கிரீஸ் தடவிச் சுயமாக ஒட்டும் ரப்பர் டேப்பைச் சுற்றிவிடலாம். ஓட்டாமல் நிற்கும் காலத்தில் வீட்டிலுள்ளவர்கள் வாரத்துக்கு ஒரு முறை பிரேக்கை மிதித்துக்கொண்டு லீவரைப் பார்க்கிலிருந்து கோடி வரை போய்த் திரும்பி வந்தாலே கம்பி ஒரே இடத்தில் நின்று துருப்பிடித்து இறுகாது. புதுக் கேபிள் தன் புஷ்ஷோடே வருவதால், கழற்றிய அசெட்டல் புஷ் வண்டியின் டேஷ் பெட்டியில், இரண்டு யு கிளிப்போடு பாலிதீன் கவரில் கிடக்கிறது. புதுக் கேபிளின் வளையமும் 16 மி.மீ.தான்.